கல்லீரல் புற்றுநோய் வளர்வதைப் புரதத்தால் தடுக்க முடியுமா?

வந்திருக்கும் கேள்வியின் சுருக்கம் இது. அப்பாவுக்கு ஏற்கெனவே சிரோசிஸ், அதாவது கல்லீரல் தழும்பேறி இறுகும் நோய். இப்போது ஸ்கேனில் கட்டி தெரிந்து, கல்லீரல் புற்றுநோய் என்று சொல்லிவிட்டார்கள். "ஒரு புரதம் கல்லீரல் புற்றுநோய் வளர்வதைத் தடுக்கிறது என்று செய்தியில் படித்தேன். அந்த மருந்து இப்போதே கிடைக்குமா? அதுவரை புரதப் பவுடர் கொடுக்கலாமா? புரதம் கொடுத்தால் கட்டி இன்னும் வேகமாக வளரும் என்று உறவினர் ஒருவர் சொல்கிறாரே, அது உண்மையா?"

கல்லீரல் பிரிவில் பல வருடங்களாக வேலை பார்க்கிறேன். இந்த மூன்று கேள்விகளையும் இதே பதற்றத்தோடு நிறைய பிள்ளைகள் கேட்டிருக்கிறார்கள். அதனால் முதலில் நேரடியான பதில்: செய்தியில் வந்த புரதம் அநேகமாக இன்னும் ஆய்வகக் கட்டத்தில்தான் இருக்கும். ஆனால் புரதத்தாலேயே ஆன மருந்துகள் ஏற்கெனவே வந்துவிட்டன. முற்றிய கல்லீரல் புற்றுநோய்க்கு இன்று முதலில் யோசிப்பதே அவற்றைத்தான். சாப்பாட்டில் புரதத்தைக் குறைக்க வேண்டாம். கட்டியைப் புரதம் வளர்த்துவிடும் என்ற பயத்தால் அப்பாவைப் பட்டினி போட்டுவிடாதீர்கள்.

இனி விரிவாகச் சொல்கிறேன்.

"புற்றுநோயைத் தடுக்கும் புரதம் கண்டுபிடிப்பு" என்ற தலைப்பு வருடத்துக்குச் சில முறையாவது கண்ணில் படுகிறது. உள்ளே போய்ப் படித்தால் விஷயம் பெரும்பாலும் இப்படி இருக்கும்: கல்லீரல் செல்களில் இயல்பாக இருக்கும் ஒரு புரதம் கட்டியில் குறைந்துபோயிருக்கிறது, எலியில் அதைக் கூட்டினால் கட்டி மெதுவாக வளர்கிறது. இதில் பொய் ஒன்றும் இல்லை. ஆனால் எலியில் அதைக் கூட்டுவது பெரும்பாலும் மரபணுவை மாற்றிச் செய்யும் வேலை. மனிதரின் கல்லீரலில் கோடிக்கணக்கான புற்றுநோய் செல்களுக்குள் அதே புரதத்தைக் கொண்டுபோய்ச் சேர்க்க வழி வேண்டும். புரதம் பெரிய மூலக்கூறு. ரத்தத்தில் விட்டால் அது செல்லின் சவ்வைத் தாண்டிச் சுலபமாக உள்ளே போகாது. செல்லுக்கு வெளியே நடக்கும் வேலையில்தான் தலையிட முடியும். இதை மனதில் வைத்துக்கொண்டால், எந்தப் புரத மருந்து பலித்தது, எது பலிக்கவில்லை என்பது பாதி புரிந்துவிடும். கல்லீரல் புற்றுநோயில் அடிக்கடி கெட்டுப்போகும் பி53, பீட்டா-கேட்டனின் போன்ற புரதங்கள் செல்லுக்குள்ளே இருப்பவை. அதனால்தான் அவற்றை நேராகக் குறிவைப்பது இத்தனை கஷ்டமாக இருக்கிறது.

ஒரு பழைய கதை இங்கே உதவும். பாஸ்டனில் ஜூடா ஃபோக்மேன் என்ற அறுவை மருத்துவர் 1971 இல் ஒரு கருத்தை முன்வைத்தார்: கட்டி சில மில்லிமீட்டருக்கு மேல் வளர வேண்டுமானால் புதிய ரத்தக் குழாய்களைத் தன் பக்கம் வரவழைக்க வேண்டும், அதைத் தடுத்தால் கட்டி நின்றுவிடும். 1997 இல் அவருடைய ஆய்வகத்திலிருந்து எண்டோஸ்டாட்டின் என்ற புரதம் வெளிவந்தது. எலிகளில் கட்டிகள் சுருங்கின. 1998 இல் நியூயார்க் டைம்ஸ் முதல் பக்கத்தில் அந்தச் செய்தி வந்ததும், எங்கே கிடைக்கும் என்று கேட்டு நோயாளிகளும் குடும்பத்தாரும் தவித்தார்கள். இன்று நீங்கள் கேட்கும் அதே கேள்விதான். மனிதர்களுக்குக் கொடுத்துப் பார்த்தபோது எலியில் கண்ட பலன் வரவில்லை.

ஆனால் அவருடைய கருத்து வீணாகப் போகவில்லை. ரத்தக் குழாய்களை வரவழைக்கக் கட்டி வெளியே அனுப்பும் முக்கியமான புரதம் விஇஜிஎஃப். அதை 1989 இல் அடையாளம் கண்டவர்களில் நெப்போலியோன் ஃபெராரா முக்கியமானவர். அந்த விஇஜிஎஃபைச் செல்லுக்கு வெளியிலேயே பிடித்துக்கொள்ளும் பெவாசிசுமாப் என்ற ஆன்டிபாடி (ஒரு குறிப்பிட்ட இலக்கில் மட்டும் ஒட்டிக்கொள்ளும் புரதம்) 2004 இல் குடல் புற்றுநோய்க்கு அனுமதி பெற்றது. உங்கள் அப்பாவுக்கு டாக்டர் எழுதக்கூடிய மருந்துகளில் அதுவும் ஒன்று.

கல்லீரல் கட்டிக்கு ரத்தக் குழாய் எவ்வளவு முக்கியம் என்பதை அப்பாவின் சிடி ஸ்கேனிலேயே பார்க்கலாம். அடுத்த முறை போகும்போது டாக்டரிடம் காட்டச் சொல்லிக் கேளுங்கள். சாதாரணக் கல்லீரலுக்கு வரும் ரத்தத்தில் ஏறத்தாழ முக்கால் பங்கு குடலிலிருந்து வரும் போர்ட்டல் சிரை வழியாக வருகிறது. கட்டியோ பெரும்பாலும் தமனி ரத்தத்தை உறிஞ்சியே வாழ்கிறது. கையில் சாயம் ஏற்றிய அரை நிமிடத்தில் சாயம் தமனிக்கு வந்துவிடும். அப்போது எடுத்த படத்தில் மங்கலான கல்லீரலுக்கு நடுவே கட்டி மட்டும் வெள்ளையாகப் பளிச்சென்று தெரியும். அப்புறம் ஒன்றிரண்டு நிமிடம் கழித்து எடுத்த படத்தில் அதே இடம் சுற்றியிருக்கும் கல்லீரலைவிடக் கறுத்திருக்கும். சிரோசிஸ் உள்ளவருக்கு இந்த இரண்டு படமும் தெளிவாக இருந்தால், பல நேரம் ஊசியால் குத்தித் துணுக்கு எடுக்காமலே நோயை உறுதி செய்துவிடுவார்கள்.

சரி, மருந்துக்கு வருவோம். 2007 வரை முற்றிய கல்லீரல் புற்றுநோய்க்கு ஆயுளை நீட்டும் என்று நிரூபணமான மருந்தே இல்லை. அந்த வருடம் சோராஃபெனிப் மாத்திரைக்கு அனுமதி கிடைத்தது. அது புரதம் அல்ல, சின்ன ரசாயன மூலக்கூறு. சோதனையில் அதைச் சாப்பிட்டவர்களின் இடைநிலை ஆயுள் 10.7 மாதம், சாப்பிடாதவர்களுக்கு 7.9 மாதம். இடைநிலை என்றால் பாதிப் பேர் அதைவிடக் கூடுதலாக வாழ்ந்தார்கள் என்று அர்த்தம். அடுத்த பத்து வருடம் பெரும்பாலும் அதே மாத்திரைதான்.

2020 இல்தான் நிலைமை மாறியது. பெவாசிசுமாபோடு அடெசோலிசுமாப் என்ற இன்னொரு ஆன்டிபாடியும் சேர்ந்தது. நோயை எதிர்க்கும் நம் டி செல்கள் புற்றுநோய் செல்லைக் கொல்லக்கூடியவை. ஆனால் அவற்றின் மேல் பிடி-1 என்று ஒரு பிரேக் இருக்கிறது. பிடி-எல்1 என்ற புரதம் அந்த பிரேக்கை அழுத்துகிறது. அடெசோலிசுமாப் பிடி-எல்1 மேல் போய் ஒட்டிக்கொண்டு பிரேக்கை விடுவிக்கிறது. இது போன்ற பிரேக்குகளை விடுவித்துப் புற்றுநோயை எதிர்க்கலாம் என்று கண்டதற்காகத்தான் ஜேம்ஸ் அலிசனுக்கும் தசுகு ஹோன்ஜோவுக்கும் 2018 இல் நோபல் பரிசு கிடைத்தது. கவனித்தீர்களா, விஇஜிஎஃப், பிடி-எல்1 இரண்டையும் செல்லுக்கு வெளியிலேயே பிடிக்கலாம். ஆன்டிபாடியால் எட்ட முடிந்த இடம் அதுதான்.

இந்த இரண்டு மருந்தையும் சேர்த்து 501 நோயாளிகளிடம் நடத்திய சோதனையில், சோராஃபெனிப் எடுத்தவர்களின் இடைநிலை ஆயுள் 13.4 மாதம், ஜோடி மருந்து எடுத்தவர்களுக்கு 19.2 மாதம். கட்டி குறிப்பிடத்தக்க அளவு சுருங்கியது சோராஃபெனிப் பக்கம் நூற்றுக்கு 11 பேருக்கு, ஜோடி மருந்துப் பக்கம் 30 பேருக்கு. நூற்றுக்கு 8 பேருக்கு ஸ்கேனில் கட்டியே தெரியாமல் போனது. இந்தத் துறையில் இருப்பவர்களுக்கு இது எவ்வளவு பெரிய மாற்றம் என்று சொல்லிப் புரியவைப்பது கஷ்டம். அதே நேரம், நூறில் எழுபது பேருக்குக் கட்டி அந்த அளவு சுருங்கவில்லை என்பதையும் உங்களிடம் மறைக்கக் கூடாது. அவர்களில் பலருக்குக் கட்டி சில காலம் வளராமல் அப்படியே நிற்கும். சிலருக்கு மருந்து கேட்கவே கேட்காது. யாருக்குக் கேட்கும் என்று முன்கூட்டியே சொல்ல நம்பகமான பரிசோதனை இன்னும் இல்லை.

வேறு ஜோடிகளும் உண்டு. டிரெமெலிமுமாபை ஒரே ஒரு தடவை ஏற்றிவிட்டு துர்வாலுமாபைத் தொடர்வது 2022 இல் அனுமதி பெற்றது. ஆயுள் நீட்டிப்பு சராசரியில் பெரிதாகத் தெரியாது. ஆனால் ஐந்து வருடம் கழித்தும் உயிரோடு இருந்தவர்கள் அந்தச் சோதனையில் ஏறத்தாழ ஐந்தில் ஒருவர், சோராஃபெனிப் பக்கம் பத்தில் ஒருவருக்கும் குறைவு. நிவோலுமாபும் இபிலிமுமாபும் சேர்ந்த ஜோடிக்கு 2025 இல் அமெரிக்காவில் முதல் சிகிச்சையாக அனுமதி கிடைத்தது. முதல் மருந்துக்குப் பிறகு, இரண்டாவதாகக் கொடுக்க ராமுசிருமாப் என்று ஒன்று. ரத்தத்தில் ஆல்ஃபா ஃபீட்டோபுரோட்டீன் 400க்குக் குறையாமல் இருப்பவர்களுக்கு மட்டும் அது பயன்பட்டது. அப்பாவின் ரிப்போர்ட்டில் ஏஎஃப்பி என்று போட்டிருப்பது அந்தப் புரதம்தான்.

இவை எல்லாமே டிரிப்ஸாகவோ ஊசியாகவோ ஏற வேண்டியவை. வாயில் போட்டால் மற்ற புரதம் மாதிரியே வயிற்றில் ஜீரணமாகிவிடும். ஓர் ஆன்டிபாடியின் எடை சோராஃபெனிப் மூலக்கூறைப் போல 300 மடங்குக்கும் மேல். ரத்தத்தில் போய்விட்டால் சுலபத்தில் அழியாது. பாதி குறையவே சுமார் மூன்று வாரம் ஆகும். பெவாசிசுமாப் ஜோடியை மூன்று வாரத்துக்கு ஒரு முறை ஏற்றுவது அதனால்தான். இது வழக்கமான கீமோ இல்லை. முடி கொட்டுவதும் ஓயாத வாந்தியும் பொதுவாக இருக்காது.

பக்கவிளைவு வேறு மாதிரி வரும். பெவாசிசுமாப் ஏற்றும் முன் ரத்த அழுத்தம் பார்ப்பார்கள், சிறுநீரில் ஒரு காகிதப் பட்டையை நனைப்பார்கள். மஞ்சளாக இருக்கும் சின்னக் கட்டம் பச்சையாக மாறினால் சிறுநீரில் புரதம் கசிகிறது என்று பொருள். சிறுநீரகத்தின் நுண்ணிய ரத்தக் குழாய்களுக்கும் விஇஜிஎஃப் தேவைப்படுகிறது. அதைப் பிடித்து வைத்தால் வடிகட்டி கொஞ்சம் ஓட்டையாகிவிடுகிறது. கசிவு அதிகமானால் அந்த முறை பெவாசிசுமாபை நிறுத்தி வைப்பார்கள். பிரேக்கை விடுவிக்கும் மருந்துகளில் டி செல்கள் நம் உடம்பையே தாக்கலாம்: குடல், நுரையீரல், தைராய்டு, தோல், சில நேரம் கல்லீரலே. திடீர் வயிற்றுப்போக்கோ மூச்சுத் திணறலோ வந்தால், மருந்துக்கடையில் மாத்திரை வாங்கிச் சமாளிக்காமல் அன்றே டாக்டரைக் கூப்பிடுங்கள். மருந்து ஏற்றிப் பல வாரம் கழித்தும் இது வரலாம்.

இப்போது எனக்கு மிக முக்கியமாகப் படும் இடம். கல்லீரல் புற்றுநோயில் நோய்கள் இரண்டு: கட்டி ஒன்று, கட்டி இருக்கும் கல்லீரல் இன்னொன்று. நான் சொன்ன சோதனை எண்கள் எல்லாம் கல்லீரல் ஓரளவு நன்றாக வேலை செய்பவர்களிடம், அதாவது சைல்ட்-பியூ ஏ நிலையில் இருப்பவர்களிடம் எடுத்தவை. பிலிருபின் (மஞ்சள் காமாலையில் கூடும் நிறமி), ஆல்புமின் (கல்லீரல் தயாரிக்கும் ரத்தப் புரதம்), ரத்தம் உறையும் நேரம், வயிற்றில் நீர், மூளைக் குழப்பம் என்ற ஐந்தையும் வைத்து ஏ, பி, சி என்று பிரிப்பார்கள். சி நிலையில் இருப்பவருக்கு இந்த மருந்துகள் பொதுவாக நன்மை தராது. அப்பா எந்த நிலையில் இருக்கிறார் என்பதைக் கட்டி எத்தனை சென்டிமீட்டர் என்று கேட்கும் அதே அக்கறையோடு கேளுங்கள். பெவாசிசுமாப் தொடங்கும் முன் எண்டோஸ்கோப்பி செய்து, உணவுக்குழாயில் புடைத்த ரத்தக் குழாய்கள் இருக்கின்றனவா என்று பார்த்தே ஆக வேண்டும். சிரோசிஸில் அவை சகஜம்; இந்த மருந்து ரத்தக்கசிவைக் கூட்டும்.

இன்னொன்றும் கேளுங்கள்: முதலில் வெட்டி எடுக்கவோ, சூடு வைத்துப் பொசுக்கவோ, கல்லீரல் மாற்றவோ வாய்ப்பு இருக்கிறதா? ஒரே கட்டி 5 சென்டிமீட்டருக்குள், அல்லது மூன்று கட்டிகளுக்கு மேல் போகாமல் ஒவ்வொன்றும் 3 சென்டிமீட்டருக்குள் என்றால் மாற்று அறுவைக்கே யோசிக்கலாம். முழுதாகக் குணமாக்கும் வழி இருந்தால் அதைத்தான் முதலில் பார்க்க வேண்டும். மாற்று அறுவைத் திட்டம் இருக்கிறது என்றால் இம்யூனோதெரபி (டி செல்களின் பிரேக்கை விடுவிக்கும் சிகிச்சை) தொடங்கும் முன்பே அதைச் சொல்லிவிடுங்கள். விடுவித்த டி செல்கள் புதிய கல்லீரலையும் தாக்கக்கூடும்.

வரிசையில் நிற்கும் முயற்சிகளில் ஒன்றிரண்டைச் சொல்கிறேன். பல கல்லீரல் கட்டிகளுக்கு ஆர்ஜினின் என்ற அமினோ அமிலத்தைத் தானாகத் தயாரிக்கத் தெரியாது. ரத்தத்தில் இருக்கும் ஆர்ஜினினை ஒரு நொதியால் சிதைத்தால் கட்டி பட்டினியில் வாடும் என்று கணக்குப் போட்டார்கள். அழகான யோசனை. 600க்கும் மேற்பட்டவர்களிடம் நடந்த மூன்றாம் கட்டச் சோதனையின் முடிவு 2018 இல் வந்தது. ஆயுளில் வித்தியாசமே இல்லை. கட்டியைப் பட்டினி போடுவது, வடிவமைத்த நொதி ஒன்றைக் கொண்டு செய்தாலே இவ்வளவு கடினம். சாப்பாட்டைக் குறைத்து அதைச் செய்துவிடலாம் என்று நினைக்கிறவர்களுக்காகவே இதைச் சொல்கிறேன். நம்பிக்கை தரும் இன்னொரு குறி கிளைப்பிகான்-3. கருவிலிருக்கும் குழந்தையின் கல்லீரலில் இருந்துவிட்டுப் பிறகு மறைந்துபோகும் இந்தப் புரதம், பெரும்பாலான கல்லீரல் கட்டிகளின் மேற்பரப்பில் திரும்ப வருகிறது. அதன் மேல் ஆன்டிபாடியை மட்டும் செலுத்திப் பார்த்தது பலிக்கவில்லை. நோயாளியின் டி செல்களையே எடுத்து, கிளைப்பிகான்-3ஐத் தேடிப் போகும்படி மாற்றித் திரும்பச் செலுத்தும் கார்-டி முறை ஆரம்பச் சோதனைகளில் இருக்கிறது. சிலருக்குக் கட்டி சுருங்கியிருக்கிறது. இப்படிப்பட்ட சோதனையில் சேர முடியுமா என்று டாக்டரிடம் கேட்பதில் தவறே இல்லை.

அடுத்து சாப்பாடு. சிரோசிஸ் உள்ளவருக்குப் புரதத்தைக் குறைக்கச் சொல்வது ஒரு காலத்தில் வழக்கம். புரதம் அம்மோனியாவாகி மூளையைக் குழப்பும் என்ற பயம். 2004 இல் வெளியான ஓர் ஆய்வில் மூளைக் குழப்பத்தோடு வந்தவர்களுக்கே புரதத்தைக் குறைத்தும் குறைக்காமலும் கொடுத்துப் பார்த்தார்கள். குறைத்ததால் குழப்பம் சீக்கிரம் தெளியவில்லை, உடம்பின் தசைதான் கூடுதலாகக் கரைந்தது. அம்மோனியாவைப் பிடித்து அகற்றுவதில் தசைக்கும் பங்கு உண்டு என்பதால், தசை கரைந்தால் குழப்பம் இன்னும் மோசமாகலாம். இப்போதைய வழிகாட்டுதல் நாளுக்கு ஒரு கிலோ எடைக்கு 1.2 முதல் 1.5 கிராம் புரதம். 60 கிலோ உள்ளவருக்கு 72 முதல் 90 கிராம். வயிற்றில் நீர் இருந்தால் தராசு காட்டும் எடையில் அந்த நீரும் சேர்ந்திருக்கும். நீரைக் கழித்துக் கணக்கிட வேண்டும். அப்பாவின் நெற்றிப்பொட்டும் தோள்பட்டையும் ஒட்டிப்போய், வயிறு மட்டும் பெரிதாக இருந்தால் எடை குறையவில்லை என்று நிம்மதி அடையாதீர்கள்.

எத்தனை மணிக்குச் சாப்பிடுகிறார் என்பதும் முக்கியம். சிரோசிஸ் கல்லீரலால் மாவுச்சத்தைச் சரியாகச் சேமித்து வைக்க முடியாது. ஓர் இரவு சாப்பிடாமல் இருந்தாலே, ஆரோக்கியமானவர் இரண்டு மூன்று நாள் பட்டினி கிடந்ததற்குச் சமமாக உடம்பு தசையைக் கரைக்கத் தொடங்குகிறது. அதனால் படுக்கும் முன் மாவுச்சத்தும் புரதமும் சேர்ந்த சின்னச் சாப்பாடு ஒன்று கொடுங்கள். மற்ற நேரமும் கொஞ்சம் கொஞ்சமாகப் பல வேளை. பவுடர் கட்டாயம் இல்லை. சாப்பாட்டில் அளவை எட்ட முடியாவிட்டால் டாக்டரோ உணவியலாளரோ சொல்வதை வாங்கலாம். உடம்பை முறுக்கேற்ற விற்கும் பவுடர்களும் மூலிகைச் சாறு கலந்தவையும் வேண்டாம். அவற்றில் சில கல்லீரலைக் கெடுத்து ஆஸ்பத்திரிக்கு வந்தவர்கள் உண்டு. ஆல்புமின் பாட்டில் ஏற்றினால் சத்து சேரும் என்று கேட்கிறவர்களும் இருக்கிறார்கள். அது வயிற்று நீரை நிறைய இறக்கும்போது ரத்த ஓட்டம் சரியாமல் காப்பது போன்ற தேவைகளுக்குத்தான். சாப்பாட்டுக்கு மாற்று ஆகாது.

கடைசியாக நீங்கள் கேட்காத ஒன்று. அப்பாவின் சிரோசிஸ் எதனால் வந்தது என்று எழுதவில்லை. ஹெபடைடிஸ் பி காரணம் என்றால், அம்மா, நீங்கள், உடன்பிறந்தவர்கள் எல்லோரும் ஹெச்பிஎஸ்ஏஜி ரத்தப் பரிசோதனை செய்ய வேண்டும். அந்த வைரஸின் மேலுறைப் புரதம்தான் தடுப்பூசியாகிறது. 1986 முதல் அதை ஈஸ்ட் செல்களில் தயாரிக்கிறார்கள். 1984 இல் தைவானில் புதிதாகப் பிறக்கும் குழந்தைகளுக்கு ஹெபடைடிஸ் பி தடுப்பூசி தொடங்கினார்கள். 6 முதல் 14 வயதுப் பிள்ளைகளிடம் கல்லீரல் புற்றுநோய் அதற்கு முன் லட்சத்துக்கு 0.70 ஆக இருந்தது. 1990-94 இல் 0.36 ஆனது. வளர்ந்த கட்டியை மெதுவாக்கும் எந்த ஆன்டிபாடியும் இந்த அளவு சாதித்ததில்லை. ஏற்கெனவே தொற்று இருப்பவருக்குத் தடுப்பூசி உதவாது. ஆனால் தினமும் ஒரு வைரஸ் எதிர்ப்பு மாத்திரை புற்றுநோய் அபாயத்தைக் குறைக்கும். அப்பாவுக்கே வைரஸ் இருந்தால் இம்யூனோதெரபிக்கு முன் அந்த மாத்திரையைத் தொடங்கிவிடுவார்கள். வீட்டில் தொற்றும் இல்லாமல் எதிர்ப்புச் சக்தியும் இல்லாமல் இருப்பவர்களுக்கு மூன்று ஊசி: இன்று ஒன்று, ஒரு மாதம் கழித்து ஒன்று, ஆறாவது மாதம் ஒன்று. அப்பாவோடு அடுத்த முறை ஆஸ்பத்திரிக்குப் போகும்போதே உங்கள் ரத்தத்தையும் கொடுத்துவிட்டு வாருங்கள்.